பலகையில் வைத்த தேங்காய்

ஐம்பத்தைந்து வருடம் இருக்கும். ஒரகடத்துக்கும் வல்லக்கோட்டைக்கும் நடுவில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. அப்போது எனக்குப் பதிமூன்று வயது. ஐந்தாம் வகுப்பு. வயதுக்குப் பொருந்தாத வகுப்புதான்; லேட்டாகத்தான் பள்ளிக்கூடத்தில் போட்டார்கள்.

அந்த வருடம் தை மாதத்தில் கொல்லையில் தண்ணீர் இறைக்கிற ஆயில் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்றேன். பெல்ட்டில் பாவாடை சிக்கியது. இழுக்கப்போன வலது கையையும் பெல்ட் சேர்த்து இழுத்துக்கொண்டது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். அதைப் பற்றி இவ்வளவு போதும்.

ஊருக்குத் திரும்பி வந்தபோது பரீட்சை முடிந்துவிட்டிருந்தது. மறுபடியும் ஐந்தாவது. இடது கையால் எழுதிப் பழகு என்று வாத்தியார் சொன்னார். பழகினேன். 'அ' எழுதினால் நண்டு மாதிரி இருக்கும்.

தடை வந்தது வீட்டில்தான். எங்களுக்கு ஒரு பசுவும் ஒரு கன்றும் இருந்தன. பள்ளிக்கூடம் போவதற்கு முன்னாலும் வந்த பின்னாலும் நான் புல் அறுத்துக்கொண்டு வருவேன். அதனால்தான் அப்பா என்னைப் படிக்க விட்டிருந்தார். புல் அறுக்க ஒரு கை பிடிக்க வேண்டும், ஒரு கை அறுக்க வேண்டும். இனி அம்மாதான் நடவுக்கும் போய், புல்லுக்கும் போக வேண்டும். அப்பா கோபக்காரர் இல்லை. தலையைக் குனிந்துகொண்டே சொன்னார், "புல்லுக்கு ஒரு வழி பண்ணிக்கினா போ. இல்லன்னா வூட்ல இரு." அவர் அப்படிச் சொன்னதில் தப்பு இருந்ததாக எனக்கு அன்றும் தோன்றவில்லை. ஆனால் ஐந்தாவதை முடிக்க வேண்டும் என்று மட்டும் ஆசை இருந்தது.

புல்லை விலைக்கு வாங்கக் காசு வேண்டும். வேலை தேடினேன் என்று சொல்வது பெரிய வார்த்தை. எனக்கு யாரிடமும் வாய் திறந்து கேட்க வராது. அம்மாதான் கேட்டாள். வேர்க்கடலை உடைக்கிற இடத்தில் சேர்த்துவிட்டாள். மற்றவர்கள் ஒரு மரக்கால் உடைக்கிற நேரத்தில் நான் ஒரு படி கூட உடைக்கவில்லை. இரண்டாம் நாளே வேண்டாம் என்றார்கள். பிறகு ரோட்டோர டீக்கடை. காலையில் கொஞ்ச நேரம் கிளாஸ் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. முதல் நாளே ஒரு வண்டிக்காரர் கிளாஸை வாங்காமல் கடைக்காரரைப் பார்த்து, "இன்னாபா, பீச்சாங்கையால டீ குடுக்க ஆள் வச்சிக்கிறியா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டு நேராக வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, நான் உயிர் பிழைத்ததற்கு வேண்டுதல் தீர்க்க அம்மா வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கு அழைத்துப் போனாள். கோயிலுக்கு வெளியே கீற்றுக் கொட்டகை போட்ட தேங்காய்க் கடைகள். ஒரு கடைக்குப் பின்னால் வாழைப்பழத் தோலும் வாழை இலையும் குவிந்து கிடந்தன. எனக்கு உடனே எங்கள் மாடு ஞாபகம் வந்தது. மறுநாள் விடிந்ததும் ஒரு கூடையை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் போய் அள்ளினேன்.

"ஏய், யார்டி அது? இன்னாத்த அள்ற?"

கடைக்காரி. என்னைவிடப் பத்து வயது பெரியவளாக இருப்பாள். வாய் கொஞ்சம் நீளம் என்று பிறகு தெரிந்தது. மாட்டுக்கு என்றேன். அவள் என் கையைப் பார்த்தாள். மற்றவர்கள் பார்த்ததும் 'ஐயோ' என்பார்கள். அவள் சொல்லவில்லை.

"ஒத்தக் கையில இத அள்ளி எப்போ வூடு போய் சேருவே? தெனம் காலைல வந்து தட்டு கட்டிக் குடு. தோலு, தழை எல்லாம் நீயே எடுத்துக்கினு போ."

அதுதான் எனக்குக் கிடைத்த வேலை. ஓலைத் தட்டில் ஒரு தேங்காய், இரண்டு பழம், வெற்றிலை, பாக்கு, கற்பூரம், கொஞ்சம் பூ. கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து அடுக்கிக் கொடுத்துவிட்டு, கூடை நிறையத் தோலும் தழையும் எடுத்துக்கொண்டு வீட்டில் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போவேன். புல்லைவிட அதைத்தான் மாடு ஆசையாகத் தின்றது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் சம்மதம் என்று அர்த்தம்.

ஆடிக் கிருத்திகை வந்தது. பள்ளிக்கூடம் லீவு. கோயிலில் சொல்ல முடியாத கூட்டம். கடைக்கார அக்கா ஒரே ஆளாகத் திணறினாள். "முன்னால வாடி, எடுத்துக் குடு" என்று என்னைக் கூப்பிட்டாள். நான் தாவணி முந்தானைக்குள் வலது கையை மறைத்துக்கொண்டு முன்னால் வந்து நின்றேன். அதுதான் நான் செய்த தப்பு. கையைக் காட்டியிருந்தால் பார்த்தவர்களுக்குப் புரிந்திருக்கும்.

மகள் கல்யாணப் பத்திரிகையை முருகன் காலடியில் வைக்க ஒரு குடும்பம் வந்திருந்தது. நான் தட்டை எடுத்து இடது கையால் நீட்டினேன். அந்த அம்மாள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"நல்ல காரியத்துக்கு வந்தா பீச்சாங்கையால நீட்டுறியேமா. சோத்தாங்கைக்கு இன்னா வந்துச்சி?"

கேட்டதில் தப்பில்லை. அவருக்குத் தெரியாது. ஆனால் முந்தானைக்குள்ளிருந்து அதை வெளியே எடுத்துக் காட்ட என்னால் முடியவில்லை. அவர்கள் பக்கத்துக் கடைக்குப் போனார்கள். பின்னால் நின்றவர்களிலும் இரண்டு பேர் போய்விட்டார்கள். வேலை போயிற்று, பள்ளிக்கூடமும் போயிற்று என்று நினைத்தேன்.

அக்கா என்னைத் திட்டவில்லை. தேற்றவும் இல்லை. தான் உட்கார்ந்திருந்த மணைப்பலகையை இழுத்தாள். செம்புத் தண்ணீரை ஊற்றிக் கழுவினாள். மஞ்சளைக் குழைத்துத் தடவி, நான்கு மூலையிலும் குங்குமம் வைத்து, கடைக்கு முன்னால் இரண்டு செங்கல் போட்டு அதன்மேல் வைத்தாள். அடுத்து வந்தவர் தட்டு வாங்கக் கையை நீட்டினார். அவளுக்கு இரண்டு கையும் நன்றாக இருந்தது. ஆனாலும் தட்டை அவர் கையில் கொடுக்காமல் பலகையில் வைத்தாள்.

"எடுத்துக்கோங்க சாமி. முருகனுக்குப் போற பொருளு, மனுசங்க கைக்குக் கை மாறக் கூடாது."

"அது இன்னாமா புதுசா? எப்போலேர்ந்து?"

"எங்க மாமியார் காலத்துலேர்ந்து" என்றாள், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

அது கால் மணி நேரத்துக்கு முன்னால் அவள் உட்கார்ந்திருந்த பலகை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவர் பயபக்தியோடு பலகையிலிருந்து தட்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். பிறகு அக்கா என்னைப் பார்த்து, "இன்னா பாத்துகினு நிக்கற? வை" என்றாள். நான் வைத்தேன். எடுத்துக்கொண்டார்கள். எந்தக் கை வைத்தது என்று ஒருவரும் பார்க்கவில்லை. அன்று சாயங்காலம்வரை வைத்துக்கொண்டே இருந்தேன். அக்கா ஒரு சாக்கைச் சுருட்டிப் போட்டு அதில் உட்கார்ந்துகொண்டாள். அதற்குப் பிறகு எப்போதும் சாக்குதான்.

இவ்வளவும் எனக்காக என்று அன்றே தெரியும். ஆனால் முழுதாகப் புரிந்தது இன்னொரு நாள். வாத்தியாருக்கு உடம்பு சரியில்லை என்று பள்ளிக்கூடத்தைச் சீக்கிரம் விட்டார்கள். நான் கோயில் வழியாக வந்தேன். நான் வருவது அக்காவுக்குத் தெரியாது. கடையில் அவள் மட்டும்தான். ஒரு கிழவர் கை நீட்டி நின்றார். நான் இல்லாத நேரத்தில் கையிலேயே கொடுத்துவிடுவாள் என்றுதான் நினைத்திருந்தேன். அவள் பலகையில்தான் வைத்தாள். அதே பொய்யைத்தான் அவருக்கும் சொன்னாள். அவள் மட்டும் கையில் கொடுத்து, நான் மட்டும் பலகையில் வைத்தால், என்றாவது ஒரு நாள் யாராவது ஏன் என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி என் காதில் விழக் கூடாது என்று அவள் நினைத்திருக்கிறாள். நான் அவள் கண்ணில் படாமல் வேறு வழியாக வீட்டுக்குப் போய்விட்டேன்.

ஐந்தாவது பாஸ் செய்தேன். அதற்கு மேல் படிக்க வேறு ஊருக்குப் போக வேண்டும், போகவில்லை. ஆனால் அந்த ஐந்தாவதை வைத்துக்கொண்டுதான் என் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக் கொடுத்தேன், இதையும் எழுதுகிறேன். கல்யாணமாகி மணிமங்கலம் பக்கம் வந்த சில வருடங்களில், கடையை விட்டுவிட்டு அக்கா குடும்பம் எங்கேயோ போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். நன்றி என்று ஒரு வார்த்தை அவளிடம் சொன்னதில்லை. என் சுபாவம் அப்படி. அவளும் அதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் என் பேரனுக்கு ஒரு கார் கம்பெனியில் வேலை நிரந்தரமானது. நைட் ஷிப்ட் முடித்து வந்தவன், தூங்காமல் என்னை வல்லக்கோட்டைக்கு வண்டியில் அழைத்துப் போனான். கடைகள் எல்லாம் சிமெண்ட் கட்டடமாகிவிட்டன. ஒரு கடையில் நின்று தட்டு கேட்டேன். பழக்கத்தில் இடது கையை நீட்டிவிட்டேன். கடையில் இருந்த சின்னப் பெண் தலையை ஆட்டினாள்.

"கையில குடுக்க மாட்டோம் பாட்டி. பலகையில வைக்கிறேன், எடுத்துக்கோங்க. இங்க அதான் பழக்கம்."

ஏனம்மா அப்படி என்று கேட்டேன். முருகனுக்குப் போவது கைமாறக் கூடாதாம், ரொம்பக் காலமாக இப்படித்தானாம். அவள் வைத்த இடத்தில் மஞ்சள் தடவிய ஒரு பலகை இருந்தது. பேரன் எடுக்க வந்தான். இரு, நானே எடுக்கிறேன் என்று சொல்லி என் கையாலேயே எடுத்துக்கொண்டேன். அது எந்தக் கை என்று அந்தப் பெண் பார்க்கவில்லை. அப்படி ஒரு பலகைக்கு முன்னால் ஐம்பது வருடத்துக்கும் மேலாக யாரும் பார்த்ததில்லை.