முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு இறங்குங்கள்

தேவிபட்டினம் வட்டாரத்திலிருந்து சிங்கப்பூருக்கு முதன்முதலாகக் கப்பல் ஏறும் யாரும் என்னைப் பார்க்காமல் ஏறியதில்லை. மூன்று ஆண்டுகள் இந்தச் சேவையைச் செய்தேன். அங்கே எந்த வேளையில் மழை வரும், எந்தத் தெருவில் நம் ஊர்ச் சோறு கிடைக்கும், சீனர் கடையில் எப்படிப் பேரம் பேசுவது, மலாய்க்காரரிடம் எப்படி நன்றி சொல்வது, எல்லாம் எனக்குத் தெரியும். தெரியாதது சிங்கப்பூர் மட்டும்தான். நான் அங்கே போனதே இல்லை.

இதை ஒப்புக்கொள்ள எனக்கு எண்பத்திரண்டு வயதாக வேண்டியிருந்தது. அவசரப்படுகிற சுபாவம் எனக்கு எப்போதும் கிடையாது.

சுதந்திரம் வந்து சில ஆண்டுகளில் மதுரையில் பி.ஏ. தேறினேன். ஊரில் இருந்த வேலை எதுவும் என் படிப்புக்குத் தகுதியாகப் படவில்லை. தகுதியான வேலைகளுக்கு நான் தகுதியாகப் படவில்லை. கடைசியில் தூரத்து உறவினர் ஒருவர் சிங்கப்பூரில் ஒரு துணிக்கடையில் இடம் பிடித்துக் கொடுத்தார். ஊரே வந்து பேருந்து ஏற்றியது. மாலைகூடப் போட்டார்கள்.

நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறும் முன் எல்லோருக்கும் அம்மை குத்த வேண்டும் என்றார்கள். வரிசையில் நின்றேன். சின்ன வயதில், அம்மை குத்துகிறவர் ஊருக்குள் வந்துவிட்டார் என்று தெரிந்தால் அம்மா என்னை நெல் குலுக்கைக்குள் இறக்கி மூடிவிடுவாள். அம்மனுக்கு ஆகாது என்பது அவள் நம்பிக்கை. படித்த எனக்கு அம்மன் மேல் நம்பிக்கை இல்லை. ஊசி மேல் மட்டும் பயம் இருந்தது. எனக்கு முன்னால் நின்றவரின் புஜத்தில் கீறி, ரத்தம் துளிர்த்ததைப் பார்த்தேன். ஒளிந்துகொள்ள அங்கே குலுக்கை இல்லாததால் கடைத்தெருவுக்குள் ஓடினேன். கப்பல் போய்விட்டது.

மாலை போட்டு அனுப்பிய ஊருக்கு மூன்றாம் நாள் எந்த முகத்தோடு திரும்புவது? துறைமுகத்தை ஒட்டிய பயணிகள் விடுதியில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கடிதமும் விண்ணப்பமும் எழுதிக்கொடுத்துப் பத்து மாதம் தங்கினேன். போகிறவர்கள் பயத்தைச் சொன்னார்கள். வருகிறவர்கள் பெருமையைச் சொன்னார்கள். இரண்டையும் காது கொடுத்துக் கேட்டேன். பிறகு, திரும்பி வந்த ஒருவரிடம் ஒரு தகரப் பெட்டியும், இன்னொருவரிடம் வெள்ளை முழுக்கைச் சட்டை இரண்டும், சீனத் தைலம் ஆறு புட்டியும் வாங்கிக்கொண்டு ஊரில் வந்து இறங்கினேன். அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். உறவுக்கு ஆளுக்கொரு புட்டி கொடுத்தேன். கடையில் இடம் பிடித்துக் கொடுத்த உறவினர் ஊருக்குக் கடிதம் எழுதுகிறவர் அல்ல; மற்றவர் யாரும் எந்த அத்தாட்சியும் கேட்கவில்லை. தைல வாசனையே போதுமாக இருந்தது.

பேருந்து நிற்கும் இடத்திலிருந்த தேநீர்க் கடைதான் என் அலுவலகம். பத்து மணிக்கு மேல் குளித்து, அந்தச் சட்டையை மாட்டிக்கொண்டு போய் உட்காருவேன். கப்பலின் திறந்த தட்டில் இடம் பிடிக்கும்போது சமையல் புகை அடிக்கும் பக்கத்தை விட்டுவிடு. ஏணிக்குக் கீழே படுக்காதே, கடல் கொந்தளித்தால் மேலே இருப்பவன் வாந்தி எடுப்பது உன் மேல்தான். கருவாட்டை ஓலைப் பெட்டியில் வைத்துச் சாக்கால் தைத்துக் கொண்டுபோ. இல்லாவிட்டால் பக்கத்துப் பயணிகளே அதைக் கடலுக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். பிற்பகல் நான்கு மணிக்கு மழை வரும், குடையோடு போ. சீனர் சொல்லும் விலையில் பாதி கேட்காதே, கால்பங்கில் ஆரம்பி. ஆற்றங்கரையில் நாற்றம் அடிக்கும், மூக்கைப் பொத்தாதே. அங்கே படகில் மூட்டை ஏற்றி இறக்குகிறவனுக்குக் கோபம் வரும்.

இவற்றில் முக்கால்வாசி சரியாக இருந்தது. அதுதான் வினை. போய் வந்தவர்கள், “தம்பி சொன்னது அப்படியே இருந்துச்சு” என்று சொல்லச் சொல்ல, நான் போய் வந்தவன்தானோ என்று எனக்கே ஓர் எண்ணம் வரத் தொடங்கியது. நான்கு மணி மழையில் நனைந்ததாகக்கூட ஞாபகம் இருந்தது.

என்னை நம்பாத ஆள் ஒருவர் அந்தக் கடையில் இருந்தார். யுத்தத்துக்கு முன்னால் கப்பலில் கலாசியாக வேலை பார்த்து ஓய்ந்தவர். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடும் முறையில் ஊரே அவரைக் காக்கா என்று கூப்பிடும். நான் பேசுவதையெல்லாம் கேட்டுவிட்டு, டீயை ஆற்றிக்கொண்டே மெதுவாக ஆரம்பிப்பார்.

“தம்பி, கப்பல் பினாங்குல எத்தன நாளு நின்னுச்சு?”

“ரெண்டு நாள் காக்கா.”

“நீங்க எப்படி எறங்குனிய?”

“படி வழியாத்தான்.”

“அல்ஹம்துலில்லா. நங்கூரக் கயித்தப் புடிச்சு எறங்குனியளோன்டு பயந்துட்டேன்.”

கடை சிரிக்கும். நானும் சிரிப்பேன். அவரை எப்படியாவது ஒரு நாள் எல்லோர் முன்னாலும் மடக்க வேண்டும் என்று மனதுக்குள் கறுவிக்கொள்வேன்.

அந்த நாள் வந்தது. முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து மிளகாய்ப் பயிர் வைக்கும் சம்சாரி ஒருவர் என்னைத் தேடி வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வெற்றுடம்பு, தோளில் துண்டு, வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. அவருடைய ஒரே மகன் சிங்கப்பூரில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்த்தான். நெஞ்சுச் சளி முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தான். ‘அப்பாவைப் பார்க்க வேண்டும் என்கிறான், தாமதிக்காமல் வரவும்’ என்று கடை முதலாளி எழுதியிருந்தார். பாஸ்போர்ட், அனுமதிக் காகிதம், டிக்கெட் எல்லாம் கைக்கு வந்துவிட்டன. கப்பலுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

“எல்லாம் தயாரு தம்பி. ஒண்ணே ஒண்ணுதான் இடிக்கிது. அம்மை குத்தணுமாம்ல?”

“ஆமாங்க அய்யா.”

அவர் மணிக்கட்டை நீட்டிக் காட்டினார். “மகனுக்காக ஆத்தாளுக்குக் காப்புக் கட்டியிருக்கேன். அவன் மொகத்தப் பாத்துட்டுத்தான் இத அவுப்பேன்னு சன்னதியில சொல்லிட்டேன். காப்புக் கட்டுன ஒடம்புல கத்தி ஊசி படக்கூடாது. அதுலயும் அம்மையவே கொண்டாந்து குத்திக்கிட்டா அவ பொறுப்பாளா? என்னைய ஒண்ணும் செய்ய மாட்டா. அங்கன படுத்துக் கெடக்கிறவன விட்டுருவாளா? குத்தாமப் போறதுக்கு வழி இருக்குமான்னு கேக்கத்தான் வந்தேன்.”

நான் வாயைத் திறப்பதற்குள் காக்கா பேசினார். அன்று அவர் குரலில் கேலி இல்லை.

“பெரியவரே, குத்திக்கிட்டுப் போங்க. அங்கன கையப் பாப்பாங்க. தழும்பு இல்லேன்டா, நோய் பரவாம ஆளுகள அடைச்சு வைக்கிற தீவுல கொண்டுபோய்ப் போட்டுருவாங்க. குத்துனதா எழுதுன காயிதத்த நம்ப மாட்டாங்க. நம்ம ஆளுக காயிதம் எப்படி வாங்குவாங்கன்டு அவங்களுக்குத் தெரியும். உங்க ஆத்தாகிட்ட மாப்புக் கேட்டுக்கலாம், புள்ளயப் பெத்தவதானே அவளும்.”

சம்சாரி என்னைப் பார்த்தார். கடையில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். காக்கா சொல்வது சரி என்று சொன்னால் போதும். அம்மை குத்தும் வரிசையை இத்தனை பேரில் கண்ணால் பார்த்தவன் நான். நாகப்பட்டினத்தில் இருந்தபோது தீவில் கிடந்து வந்தவர்களின் கதையையும் கேட்டிருக்கிறேன். ஆனால் அவர் சொல்லிவிட்டதை நானும் சொன்னால், எதற்கு நான்?

“காக்கா போனதெல்லாம் யுத்தத்துக்கு முன்னாடி. இப்ப எல்லாம் மாறிப் போச்சு” என்றேன். “எனக்குக் குத்தித்தான் இருந்தது. ஒருத்தன் பார்க்கலை அய்யா. இதே மாதிரி முழுக்கைச் சட்டை போட்டிருந்தேன். காகிதத்தை நீட்டினேன், நேரா இறங்கிப் போனேன். வெறும் உடம்போட இறங்குறவனைத்தான் நிறுத்தி வச்சுப் பார்ப்பாங்க. சட்டையோட இறங்குனா துரைமார் மரியாதை தெரிஞ்சவங்க.”

துரைமாரின் மரியாதையைப் பற்றி அதற்கு முன் நான் யோசித்ததுகூட இல்லை. அந்த நிமிடம் தோன்றியது, சொன்னேன். நன்றாகவும் இருந்தது. கடையில் இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

“வெளயாட்டு இல்ல தம்பி இது” என்றார் காக்கா.

“நான் விளையாடலையே காக்கா. எப்படி இறங்குனேன்னு நீங்கதானே தினம் கேப்பீங்க. இப்படித்தான் இறங்குனேன்.”

கடை பலமாகச் சிரித்தது. காக்கா பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போனார். மடக்கிவிட்டேன்.

மறுநாள் சம்சாரியை நானே இராமநாதபுரத்துக்கு அழைத்துப் போனேன். எனக்குத் தெரிந்த கம்பவுண்டர் ஒருவர், அம்மை குத்தாமலே குத்தியதாகச் சான்று வாங்கிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் என் இரண்டு சட்டைகளில் ஒன்றை எடுத்து அவருக்குப் போட்டுவிட்டேன். கல்யாணத்துக்குக்கூட மேல்துண்டோடு நின்ற மனிதர். பொத்தான் துளையில் அவர் விரல் நுழைய மறுத்தது, நான்தான் மாட்டினேன். கைப்பட்டியை இழுத்துவிட்டதும் மஞ்சள் கயிறு மறைந்தது. கைகளை உடம்பில் ஒட்டாமல் வைத்துக்கொண்டு, கூச்சமாகச் சிரித்தார்.

“இந்த வேசத்துல என் மகன் என்னைய அடையாளம் கண்டுக்கிருவானா தம்பி?”

“கண்டுக்குவான் அய்யா” என்றேன். அதற்கும் நான்தானே நிபுணன்.

இரண்டரை மாதம் கழித்து ஒரு காலையில், வீட்டுக் கிணற்றடியில் இடுப்புத் துண்டோடு நின்று தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். பின்வாசல் வழியாக அவர் வந்தார். மொட்டைத் தலை. ஈர வேட்டி. எங்கள் ஊர்க் கடலுக்குள் நிற்கும் ஒன்பது கற்களைச் சுற்றி வந்து, இறந்தவர்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு வருகிறவர்கள் அப்படித்தான் இருப்பார்கள். யாருக்காக என்று நான் கேட்கவில்லை. மணிக்கட்டில் கயிறு இல்லை. இடது புஜத்தில் புதுத் தழும்பு, ஓரணாக் காசு அளவுக்கு.

துவைகல்லில் உட்கார்ந்தார். நான் வாளியைக் கீழே வைத்தேன்.

“எறங்குற எடத்துல எல்லாரையும் சட்டையக் கழத்தச் சொன்னாக தம்பி. கோட்டுப் போட்டவுகளையும்தான். எனக்குத் தழும்பு இல்லைன்னு தனியா நிறுத்திட்டாக. அந்தக் கயித்தக் கத்தரிச்சாக, குத்துனாக, தீவுக்குக் கூட்டிப் போயிட்டாக. பதினாலு நாளு.”

“அய்யா…”

“கொற சொல்லக் கூடாது. சோறு போட்டாக, பாய் குடுத்தாக. அங்கன வேற வேலை என்ன, ஒருத்தர் கைய ஒருத்தர் பாத்துக்கிட்டே இருப்போம், யாருக்குப் பொருக்கு விழுந்துருக்குன்னு. தண்ணிக்கு அந்தப் பக்கம் ஊரு தெரியும். ஆசுபத்திரி எங்கனன்னு சமையக்காரரக் கேட்டேன். அந்தா, அந்த ஒசந்த கட்டடத்துக்குப் பின்னாடின்னாரு. நான் அந்தக் கட்டடத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன். ஒம்பதாம் நாளு மொதலாளி ஆள் விட்டுச் சொல்லி அனுப்புனாரு.”

துண்டால் மொட்டைத் தலையைத் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

“மொகம் பாக்கல. நான் கரை சேர்ற வரைக்கும் அவுக எடுக்காம வச்சிருக்க முடியாதுல்ல.” பிறகு என்னைத் தேற்றுகிறவர்போலச் சொன்னார்: “நீங்க சொன்ன மத்ததெல்லாம் சரியா இருந்துச்சு தம்பி. நாலு மணிக்கு மழ வந்துச்சு.”

அப்போதுதான் அவர் பார்வை என் இடது கையில் நின்றது. தோளிலிருந்து முழங்கை வரை ஒரு முறை இறங்கியது. பிறகு வலது கைக்குப் போனது. மறுபடி இடது கைக்கு வந்தது. பதினான்கு நாள் கைகளைப் பார்த்துப் பழகிய கண்கள். என் கைகள் பிறந்த குழந்தையின் கைகள்போல வழவழவென்று இருந்தன. கைகளைக் கட்டி மறைக்கலாமா என்று நினைத்தேன். துண்டை எடுத்துப் போர்த்தலாமா என்று நினைத்தேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் ஏதாவது ஒரு பொய் சொல்லித் தப்பித்திருப்பேன். மடியிலிருந்த துணி மூட்டையை அவிழ்த்தார். என் முழுக்கைச் சட்டையைத் துவைத்து, நான்காக மடித்து வைத்திருந்தார். எழுந்து வந்து என் ஈரக் கையில் அதைக் கொடுத்தார்.

“போட்டுக்கங்க தம்பி” என்றார். “கை தெரியுது.”

ஈர உடம்போடு போட்டுக்கொண்டேன். பொத்தான்களை மாட்டி முடித்து நிமிர்ந்தபோது அவர் பின்வாசலைத் தாண்டிவிட்டார். நான் கூப்பிடவில்லை. அவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை என்பது அடுத்த வாரமே தெரிந்தது; திருப்பாலைக்குடியிலிருந்து ஒருவர் சிங்கப்பூர் போக யோசனை கேட்டு என் வீட்டுக்கு வந்து நின்றார். காக்காவிடம் போகச் சொன்னேன். “காக்காதானே உங்களைக் கேக்கச் சொன்னாரு” என்றார் வந்தவர். அம்மை குத்திக்கொண்டு போகும்படி சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். நான் கொடுத்ததிலேயே உருப்படியான யோசனை அது.

மறுநாள் இராமநாதபுரத்துக்குப் போய் நானும் குத்திக்கொண்டேன். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார்கள். எங்கேயும் இல்லை என்றேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு கையைக் கொடுத்தேன். முடிந்துவிட்டது, எழுந்திருங்கள் என்று இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. வலிக்கவே இல்லை.