இடது மூலையில் ஒரு விரல்

சூலூரில் தறி ஓட்டும் தங்கராஜுக்கு மனைவியின் முகம் ஒன்று வேண்டியிருந்தது. சூசைமேரி இறந்து வருடம் திரும்பப்போகிறது. நினைவுப் பூசைக்கு அட்டை அடிக்க வேண்டும். ஆதார் படத்தை அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. அது யாரோ திருட்டு கேஸில் பிடிபட்ட பொம்பளை, தன் சம்சாரம் இல்லை என்று சாதித்தார். கல்யாண ஆல்பத்தைக் கரையான் தின்று பல காலமாகிறது.

வீட்டில் படத்துக்கா பஞ்சம்? பீரோ நிறையக் கிடந்தன. எல்லாம் அவள் எடுத்தவை. உள்ளங்கையில் அடங்கும் ரோல் கேமரா. திருகவோ திருப்பவோ ஒன்றுமில்லை, பட்டனை அமுக்கினால் பளிச், முடிந்தது. ஊரே செல்போனுக்கு மாறியும் அவள் மாறவில்லை. “இதுல அழிக்க முடியாதுங்க. எடுத்தா எடுத்ததுதான்” என்பாள். மகள் லின்சி செல்போனைத் தூக்கினால், “நீ போயி நில்லு கண்ணு, நான் எடுக்கறேன்” என்று நழுவிவிடுவாள்.

ஒரே குறை. அந்தக் கேமராவில் கண் வைத்துப் பார்க்கும் ஓட்டை வேறு, லென்ஸ் வேறு. தன் விரல் லென்ஸை மறைப்பது அவளுக்குத் தெரியாது. ஞானஸ்நானமோ புதுநன்மை விழாவோ, படத்தின் இடது மூலையில் ரோஸ் நிறத்தில் ஒரு விரல் மங்கலாக நிற்கும். “விரல் ஸ்டூடியோ” என்று தங்கராஜ் கேலி செய்யாத நாளில்லை.

கேமராவுக்குள் கடைசி ரோல் அப்படியே இருந்தது. அதிலாவது யாரேனும் அவளை எடுத்திருக்கமாட்டார்களா என்று ஒரு நப்பாசை. ரோலில் இன்னும் ஒரு படம் எடுக்க மிச்சமிருந்தது. வீணாக்கினால் அவளுக்குப் பிடிக்காது. பட்டப்பகல், வீட்டில் யாருமில்லை. கேமராவைப் பீரோ மேல் வைத்து, தானாக எடுக்கும் பட்டனைத் தட்டிவிட்டு, எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார். சிவப்பு விளக்கு பத்து விநாடி கண்சிமிட்டியது. பளிச்.

பதினைந்து நாள் கழித்து உக்கடம் ஸ்டூடியோவில் உரிமையாளர் சாய்குமார் ரோலைக் கழுவிப் படங்களைக் கொடுத்தார். அப்பாவும் மகளும் அங்கேயே நின்று புரட்டினார்கள். பேரன், பக்கத்து வீட்டு ஆடு, குருத்தோலை ஞாயிறு. எதிலும் சூசைமேரி இல்லை.

கடைசிப் படத்தில் நாற்காலியில் அவர். இடது மூலையில் விரல்.

“ஏனுங்கப்பா, இதை யாரு எடுத்தாங்க?” லின்சி படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

“யாருமில்ல கண்ணு. பீரோ மேல வெச்சுப்போட்டு வந்து உக்காந்தேன்.”

“பழைய ஃபிலிமுங்க, வெளிச்சம் கசிஞ்சிருக்கும்” என்றார் சாய்குமார். “அந்த மூலையை வெட்டிப்போடலாங்க.”

“வெட்டாதீங்க” என்றார் தங்கராஜ். “ அட்டைக்கு இதையே போடுங்க.”

“உங்க மூஞ்சியப் போட்டா ஊரு என்னங்கப்பா நெனைக்கும்?”

“நெனைச்சுட்டுப் போகட்டும்.”

பூசையில் அட்டை வாங்கியவர்கள் படத்தையும் உயிரோடு நின்றவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை. மறுநாளே புது ரோல் வாங்கிப் போட்டு, கேமராவைப் பழையபடி பீரோ மேல் வைத்துவிட்டார். தினமும் மத்தியானம் தலைசீவிக்கொண்டு வந்து எதிரே உட்காருகிறார்.

எடுத்த படங்களின் எண்ணிக்கையைக் கேமரா இப்போது ஏழு என்று காட்டுகிறது. தங்கராஜ் இன்னும் ஒருமுறைகூடப் பட்டனைத் தொடவில்லை.