நிழல் குறைந்த கட்டிடம்

விஜயகுமாரி இருபத்திரண்டு வருடமாக ஊர்களை மேலிருந்தே பார்த்துப் பழகியவள். ஹப்சிகுடாவில் ஒரு வரைபடக் கம்பெனி. செயற்கைக்கோள் படத்தில் தெரியும் கூரைகளைச் சுற்றிக் கோடு போடுவது வேலை. பெரும்பாலும் வீட்டுவரிக்கான வரைபடங்கள்தான். தப்பு நேர்ந்தால் யாராவது வந்து கத்துவார்கள், திருத்திக் கொடுத்துவிடலாம்.

மியான்மரில் பெரிய நிலநடுக்கம் வந்த மறுநாள், ஒரு மீட்பு அமைப்பு இவர்கள் உதவியைக் கேட்டது. இடிந்த கட்டிடத்துக்குச் சிவப்பு, நிற்பதற்குப் பச்சை. எங்கே முதலில் தோண்டுவது என்று அதை வைத்துத்தான் அங்கே முடிவு செய்வார்கள். ஒரு சிற்றூரின் நானூறு கூரைகளை விஜயகுமாரி ஒரே நாளில் முடித்தாள்.

ஆறாம் நாள் குழுத்தலைவன் ஃபெலிக்ஸ் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"விஜயாக்கா, இந்தப் பச்சையப் பாருங்க. நாலு மாடி."

"ஹவ், ஆமா, முழுசா நிக்குதே. கூரைல ஒரு விரிசல் இல்ல."

"கூரை மட்டுந்தான்க்கா இருக்கு. கீழ எல்லா மாடியும் அப்படியே உக்காந்துடுச்சு. நர்சிங் படிக்கிற பொண்ணுங்க விடுதியாம். இன்னைக்குத்தான் ஆளுங்க போயிருக்காங்க."

எத்தனை பேர் என்று அவள் கேட்கவில்லை. பழைய படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் ஒரே பருவத்தில், பகலின் ஒரே நேரத்தில் எடுத்தவை. முன்பு அந்தக் கட்டிடத்தின் நிழல் தெருவைத் தாண்டி விழுந்திருந்தது; இப்போது வாசலோடு நின்றுவிட்டது. நிழலை அளந்து உயரம் கணக்கிடப் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவளே அவள்தான். அன்று அவசரத்தில் அளக்கவில்லை.

மற்ற பச்சைகளை மறுபடி திறந்தாள்.

"இனிமே எதுக்குக்கா?"

"நக்கோ ஃபெலிக்ஸ், வேணாம். ஒண்ணும் சொல்லாத."

இரண்டு நாள் அளந்ததில் இன்னும் மூன்று அகப்பட்டன. மீட்பு அமைப்புக்கு அனுப்பினாள். ஒன்றை அக்கம்பக்கத்தார் முதல் நாளே வெறுங்கையால் தோண்டிப் பலரை எடுத்துவிட்டார்களாம். மற்ற இரண்டைப் பற்றி, "நன்றி, இனி அவசரமில்லை" என்று பதில் வந்தது.

"நீயா இடிச்ச?" என்றான் அன்றிரவு சாப்பிடும்போது அவள் கணவன் உமேஷ், ஆறுதலாகத்தான். அவள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள்.

அதன்பின் வீட்டுவரி வேலையிலும் ஒவ்வொரு கூரைக்கும் நிழலை மூன்று தடவை அளந்தாள். ஒரு வார வேலை ஒரு மாதம் இழுத்தது. ஜூலையில் கம்பெனி அவளுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. விஷயத்தைச் சொல்ல ஃபெலிக்ஸ் பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே வந்தான்.

"பரவால்லப்பா" என்றாள். வீட்டுக்குப் போகும் லோத்குண்டா பஸ் வந்ததும் ஏறிக்கொண்டாள்.