கோப்பில் இல்லாத இரண்டு வரிகள்

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. மயிலாப்பூரில் ராஜலட்சுமி அம்மையார் வீட்டில் சமையல் செய்யும் கஸ்தூரி பேசினார். "சார், அம்மா பூட்டாங்க சார். காபி எடுத்துக்கினு போய் எய்ப்புனேன், எய்ந்துக்கவே இல்ல."

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ராஜலட்சுமி வெளியுறவுத் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவர். டெல்லியில் அவருக்கு அடுத்த அறை என்னுடையது. கோப்பு படிக்கும்போது யாராவது குறுக்கே பேசினால் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார். மேலதிகாரிகளே வாசலோடு திரும்பியிருக்கிறார்கள்.

அப்போது ஒரு நாட்டின் விவகாரம் எங்கள் இருவரிடமும் வந்தது; அதன் பெயரைச் சொல்லாமல் எழுதுகிறேன். பழைய பழக்கம் விடவில்லை. அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்திருந்தது. ஊர்வலத்தில் சுடப்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்ததற்காக ஓர் இளம் பெண் மருத்துவருக்கு மரண தண்டனை விதித்திருந்தார்கள். அதே மாதம் அவர்களோடு நமக்கு ஒரு துறைமுக ஒப்பந்தம். நம் நிலைப்பாடு என்ன என்று குறிப்பு எழுதும் பொறுப்பு எங்களிடம் வந்தது. அரசியல் அவருடைய பிரிவு, வணிகம் என்னுடையது. இருவர் கையெழுத்தும் இல்லாமல் குறிப்பு மேலே போகாது.

அவருடைய வரைவின் முடிவில் இரண்டு வரிகள் இருந்தன. மருத்துவரின் தண்டனையை அவர்கள் நிறுத்திவைக்க வேண்டும். அதன் பிறகே நாம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும்.

"இது இருந்தா நான் கையெழுத்துப் போட மாட்டேன் மேடம்" என்றேன். "துறைமுகம் வேற யாருக்காவது போயிடும். அடுத்த தடவை பேசும்போது வாய்வார்த்தையா சொல்லிக்கலாம்."

"அதுவரைக்கும் அந்தப் பொண்ணு இருப்பாளா?"

"அவ்வளவு சீக்கிரம் ஒண்ணும் பண்ண மாட்டாங்க மேடம்."

எல்லாம் தெரிந்தவன் என்ற நினைப்பு எனக்கு. அவர் இரண்டு நாள் காத்திருந்தார். நான் பிடித்த பிடியை விடவில்லை. மூன்றாம் நாள், குறிப்பு மேலே போகாமலே கிடந்துவிடுமோ என்று அஞ்சி, அந்த வரிகளைத் தம் கையாலேயே அடித்து நீக்கினார். ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒன்பதாம் நாள் மருத்துவரைத் தூக்கிலிட்டார்கள். செய்தி வந்ததும் ராஜலட்சுமி என் அறைக்கு வந்து எதிரே உட்கார்ந்தார். திட்டித் தீர்த்திருந்தால் எனக்கு எவ்வளவோ மேலாக இருந்திருக்கும்.

ஓய்வுக்குப் பின் அவர் மயிலாப்பூருக்கும் நான் நந்தனத்துக்கும் வந்து சேர்ந்தோம். சென்ற ஆண்டு மயிலாப்பூரிலேயே லஸ் பக்கம் ஒரு சிறிய கூட்டத்தில் அவர் பேசினார். "ராணுவ ஆட்சியோட பேசித்தான் ஆகணும். ஆனா பேசறச்சே, ஜெயில்ல யார் இருக்காங்கறத மறக்கப்படாது" என்றார். அந்தக் குறிப்பு அதற்குள் பத்திரிகையில் வெளிவந்திருந்தது. கல்லூரி மாணவி ஒருவர் எழுந்தார்.

"அந்த டாக்டருக்காக ஒரு வரிகூட இல்லையே மேடம். நீங்க எழுதினதுதானே அது?"

"ஆமாம்மா. நான் எழுதினதுதான். பெரிய தப்பு."

மூன்றாவது வரிசையில் இருந்த நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டம் முடிந்து கோயில் குளக்கரை ஓரமாக நடந்தபோது ராஜலட்சுமி சொன்னார்: "நீங்க எழுந்து நிப்பேள்னு ஒரு நிமிஷம் நெனச்சேன்." பிறகு, "வாங்கோ, காபி சாப்பிடலாம்" என்றார். வெட்கமில்லாமல் போய்க் குடித்தேன்.

பெசன்ட் நகர் மயானத்தில் என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அந்த மாணவியும் வந்திருந்தார், கூட்டத்தின் கடைசியில் ஒதுங்கி நின்றார். "நேர்மையான அதிகாரி" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தேன். ராஜலட்சுமியின் உடலுக்கு முன்னாலும் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன். அந்த அழுகை யாருக்கு என்ன பயன்?

ஆகவே இதை எழுதுகிறேன். அந்த மாணவி இதைப் படிக்க வேண்டும். மருத்துவருக்காக இரண்டு வரிகள் எழுதியவர் ராஜலட்சுமி. அவற்றை அடித்து நீக்க வைத்தவன் நான்.

போய் வாருங்கள் மேடம். எழுந்து நின்றுவிட்டேன். பார்க்கத்தான் நீங்கள் இல்லை.