கோட்டுக்கு அளவெடுத்த சாயங்காலம்

போலீஸ் தரப்பு வக்கீலம்மா தோற்ற வழக்குகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். காரணம், ஸ்டேஷனுக்கு எதிரே கடை வைத்திருந்த தையற்காரர். ஊரில் எங்கே எது திருடு போனாலும், அந்த வழியாகத் தற்செயலாக நடந்துபோகிறவர் அவர்தான். இந்த மனுஷன் எப்போதுதான் தைக்கிறார் என்று கோர்ட்டில் யாரும் கேட்டதில்லை. வக்கீலம்மாவும் கேட்டதில்லை. சாட்சியைக் கூண்டில் ஏற்றுவது தன் வேலை, மெய்யா பொய்யா என்று பார்க்கத்தான் மாஜிஸ்திரேட் இருக்கிறாரே என்பது அவருடைய கொள்கை. அந்தக் கொள்கையால் நல்ல தூக்கம் வந்தது. பதவி உயர்வும் வருவதாக இருந்தது. அதற்காகவே தையற்காரரை வீட்டுக்கு வரவழைத்துப் புதுக் கறுப்புக் கோட்டு தைத்துக்கொண்டார். இடது கை மட்டும் கொஞ்சம் குட்டை.

கோட்டுப் போட்ட முதல் நாள், தண்ணீர் மோட்டார் திருடியதாக ஒரு பெயிண்டர் மேல் வழக்கு. "நான் எடுக்கலைங்க" என்பதைத் தவிர அவனுக்கு வேறு பேச்சு வரவில்லை. அவன் மனைவி கைக்குழந்தையோடு கதவோரம் நின்றாள்.

சாட்சிகளை வராந்தாவில் நிறுத்தி ஒப்பிக்க வைத்த பிறகே உள்ளே அனுப்புவது வழக்கம். தையற்காரர் தண்ணீர் பட்ட பாடாக ஒப்பித்தார். பெருமழை கொட்டி ஊரே இருண்டுபோன அந்தச் சாயங்காலம், பெயிண்டர் மோட்டாரோடு ஓடியதைக் கண்ணால் பார்த்தாராம்.

வக்கீலம்மாவின் வலது கை தானாகக் கோட்டின் குட்டைக் கையை இழுத்துவிட்டது.

"அண்ணே, அன்னைக்குக் கரண்ட் போய் எங்க வீட்டுக்காரர் டார்ச் அடிக்க, நீங்க எனக்கில்ல அளவெடுத்துட்டிருந்தீங்க?"

தையற்காரர் கொஞ்சம் யோசித்தார். "அதனால என்ன மேடம், வர்ற வழியில பாத்தேன்னு சேத்துக்கலாம்."

பக்கத்தில் நின்ற இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்தி, வாயைத் திறக்காமல் இருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது என்றார்.

"எனக்குத் தெரியுதே சார்."

வக்கீலம்மா உள்ளே போய் உள்ளதைச் சொல்லிவிட்டார். வேறு சாட்சி இல்லை, பெயிண்டர் விடுதலையானான். மாஜிஸ்திரேட் மட்டும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "இதுக்கு முன்னாடி கேஸ்லெல்லாம் இவர் எங்கம்மா இருந்தாரு?"

 அன்றிலிருந்து வக்கீலம்மாவுக்குத் தூக்கம் இல்லை.

சாட்சியைக் கலைத்துவிட்டார் என்று இலாகா அவர் மேலேயே விசாரணை வைத்தது. அளவெடுத்தது உண்மை என்று சொல்லத் தையற்காரர் தாமாகவே வந்தார். நிஜமாக நடந்ததைச் சொல்லிப் பழக்கமில்லாததால் நாக்குக் குழறியது, வியர்த்துக் கொட்டியது. ஜெயித்த வழக்குகளில் எல்லாம் அவரை நம்பிய இலாகா, இந்த ஆளைப் பார்த்தால் நம்பும்படி இல்லை என்று எழுதிக்கொண்டது.