டிக்டேஷனில் வந்த கேள்விகள்

எண்பதுகளின் தொடக்கம். திருவண்ணாமலையில் தீபத்துக்கு வந்த கூட்டம் கலைந்து, தேரடி வீதி லாட்ஜுகளில் அறைகள் காலியாகக் கிடந்த வாரம். அப்படி ஒரு லாட்ஜின் மாடியில்தான் எனக்கு வாழ்க்கையின் முதல் இன்டர்வியூ. மெட்ராஸ் உரக் கம்பெனி ஒன்று எங்கள் ஊரில் கிளை திறக்கப் போகிறது, தமிழ்ச் சுருக்கெழுத்தும் டைப்பும் தெரிந்த பெண் தேவை என்று விளம்பரம் வந்திருந்தது. வெளியூர்க் கம்பெனிகள் லாட்ஜில் ரூம் போட்டு ஆள் எடுப்பது அப்போது சகஜம். யாருக்கும் தப்பாகத் தோன்றவில்லை.

எங்கள் வீடு அடி அண்ணாமலையில். பொங்கலுக்குள் வேலை கிடைத்தால் கல்யாணத்தைத் தள்ளிப்போடலாம், இல்லாவிட்டால் போளூர் வரனுக்குச் சரி சொல்லிவிடுவேன் என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆகவே அந்த வேலை எனக்கு வேண்டும், கிடைத்தே ஆக வேண்டும். முந்தின நாளே பென்சிலை மூன்று தரம் சீவிவிட்டேன்.

எங்கள் டைப் இன்ஸ்டிடியூட் மாஸ்டருக்கு ஒரு பிடிவாதம். டிக்டேஷன் கொடுப்பவர் "முடிந்தது" என்று சொல்லும்வரை பென்சில் நிற்கக் கூடாது. நடுவில் வேண்டுமென்றே, வெளியே மழை வருகிறதா பார் என்பார். அதையும் எழுதியிருக்கிறோமா என்று நோட்டை வாங்கிப் பார்ப்பார். எழுதாதவளுக்கு அன்றைக்கு நல்ல திட்டு. இரண்டு வருஷத்தில் என் கை என் பேச்சைக் கேட்பதையே விட்டுவிட்டது.

வராந்தா பெஞ்சில் எட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தோம். என்னோடு படித்த முஸ்லிம் பெண்ணை முதலில் கூப்பிட்டார்கள். போன வேகத்தில் திரும்பி வந்தாள். முகம் செத்துக் கிடந்தது, பெஞ்சின் ஓரத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஸ்பீடில் கோட்டை விட்டிருப்பாள் என்று நினைத்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்கூடப் பட்டேன். இதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்தது நான். உள்ளே மேனேஜர் ஒருவர்தான் இருந்தார். உர முகவர்களுக்கு ஒரு கடிதம் சொல்ல ஆரம்பித்தார். நாலு வரி ஒழுங்காகப் போயிற்று. அப்புறம் நிறுத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தார். கல்யாணம் எப்போது, மாப்பிள்ளை பார்த்தாயிற்றா என்றார். உயரம் பார்க்க வேண்டும், எழுந்து திரும்பி நில் என்றார். நான் நோட்டும் கையுமாக எழுந்து நின்றேன்.

"என்கூட டூர் வரணும். லாட்ஜ்ல உனக்குன்னு தனி ரூம்லாம் கம்பெனி தராது. அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டா ஆர்டர் இன்னைக்கே. என்ன சொல்ற?"

யோசித்துச் சொல் என்று சிரித்துவிட்டு, கடிதத்தின் மிச்சத்தைச் சொல்லி முடித்தார். இரண்டு கார்பன் காப்பியோடு டைப் அடித்துக் கொண்டுவரச் சொன்னார்.

மெஷின் வராந்தாவில் இருந்தது. மனசு எங்கேயோ கிடக்க, நோட்டைப் பார்த்து விரல்கள் பாட்டுக்கு அடித்தன. பாதியில்தான் தாளைப் பார்த்தேன். "தரமான உரத்தை உரிய காலத்தில் அனுப்பி வைப்போம்" என்ற வரிக்குக் கீழே, "கல்யாணம் எப்போ?" அதற்கும் கீழே, "திரும்பி நில்லு." என் கை ஒரு சொல் விடாமல் எழுதி வைத்திருக்கிறது! ஐயோ, டெஸ்ட் போச்சே என்றுதான் முதலில் பதறினேன். மூன்று தாளையும் உருவிக் கிழிக்கப் போனேன்.

எனக்கு முன்னால் உள்ளே போய் வந்த சிநேகிதி எட்டிப் பார்த்தாள். படித்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கிழிக்காதடி. என்கிட்டயும் இதேதான் கேட்டான். மிச்சத்தையும் அடி."

அடித்தேன். அப்படி ஒரு ஸ்பீடில் அதற்கு முன்னும் அடித்ததில்லை, பின்னும் அடித்ததில்லை. பெஞ்சிலிருந்தவர்கள் எல்லாம் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று படித்தார்கள். ஒருத்தி பயந்தாள், ஒருத்தி கெக்கலி கொட்டிச் சிரித்தாள். கடைசியில் "இப்படிக்கு, மேனேஜர்" என்று போட்டு, கையெழுத்துக்கு இடமும் விட்டேன். கார்பன் காப்பிகளைச் சிநேகிதியிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனேன்.

படிக்கப் படிக்க அவர் முகம் கறுத்தது. இதையெல்லாம் யார் அடிக்கச் சொன்னது என்று சீறினார்.

"முடிஞ்சுதுன்னு நீங்க சொல்லலீங்க சார்" என்றேன்.

அவர் தாளை நாலாகக் கிழித்துப் போட்டார். இன்னும் ரெண்டு காப்பி வெளியே இருக்குதுங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். வெளியே பெஞ்ச் காலி. ஏழு பேரும் செருப்பைப் போட்டுக்கொண்டு மாடிப்படியில் எனக்காக நின்றிருந்தார்கள். எட்டு பேரும் தடதடவென்று இறங்கித் தேரடி வீதிக்கு வந்து விழுந்து விழுந்து சிரித்தோம். வேலை கிடைக்காததற்கு யாராவது அப்படிச் சிரித்திருப்பார்களா என்று தெரியவில்லை.

ஒரு காப்பியைக் கம்பெனியின் மெட்ராஸ் ஆபீசுக்குத் தபாலில் போட்டோம். பதிலே வரவில்லை. இன்னொன்றை அன்று சாயங்காலம் அப்பாவிடம் பயந்துகொண்டே நீட்டினேன். வேலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் இரண்டு தரம் படித்தார். போளூருக்கு இப்போது வேண்டாம் என்று எழுதிவிடுகிறேன், நீ வேறு இடம் பார் என்றார். அடுத்த வருஷம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் வேலை கிடைத்தது.

இந்தக் கதையைக் கேட்பவர்கள் என்னைத் தைரியசாலி என்கிறார்கள். நிஜத்தில் எனக்கு நடந்ததை நான் என் தப்பு என்று நினைத்துக் கிழிக்கப் போனேன். தனக்கும் நடந்தது என்று ஒருத்தி வாய் திறந்து சொன்ன பிறகுதான் அது யாருடைய தப்பு என்று எனக்கு விளங்கியது.