சாம்பல் கிளியின் சீழ்க்கை

லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் எங்கள் பக்கத்து வீட்டில் தனியாக இருந்த ஆங்கிலேய மூதாட்டி, முதியோர் இல்லத்துக்குப் போகும்போது தன் ஆபிரிக்கச் சாம்பல் கிளியை எங்களிடம் விட்டுச் சென்றார். முப்பது வருடங்களுக்கு முன் கடையில் வாங்கியதாம். வால் மட்டும் நல்ல சிவப்பு. அவருடைய இருமலை அச்சொட்டாக இருமும். எங்களிடம் வந்த ஒரு வருடத்துக்குள் என் கணவரின் குரலில் "தேத்தண்ணி போடட்டோ" என்று கேட்கவும் பழகிவிட்டது. ஆனாலும் நெஞ்சு இறகுகளைத் தானே பிடுங்கிக்கொண்டிருந்தது.

மிருக வைத்தியர் நோய் ஒன்றும் இல்லை, தனிமைதான் என்றார். கூண்டில் பொரித்த குஞ்சுகளுக்குப் போடும் வளையம் காலில் இல்லாததைப் பார்த்து, பெரும்பாலும் இது காட்டில் பிடிபட்ட பறவையாக இருக்கும் என்றும் சொன்னார்.

ஒரு ஞாயிறு மத்தியானம் தொலைக்காட்சியில் மத்திய ஆபிரிக்கக் காட்டைக் காட்டினார்கள். உயர்ந்த மரங்களிலிருந்து சாம்பல் கிளிகள் கூட்டம் கூட்டமாகச் சீழ்க்கையடித்தபடி ஒரு வெட்டவெளியில் இறங்கி, சேற்று மண்ணைக் கொத்தித் தின்றன. கிளைகளில் பசை தடவி இவற்றைப் பிடித்துப் பிடித்தே இனம் அருகிவிட்டது என்றார்கள். தூங்கிக்கொண்டிருந்த எங்கள் கிளி கம்பியருகே வந்து கழுத்தை நீட்டியது. நீளமாக ஒரு சீழ்க்கை அடித்தது. எங்களிடம் இருந்த ஆறு வருடங்களில் நாங்கள் ஒருநாளும் கேட்டிராத சத்தம். நிகழ்ச்சி முடிந்த பின்னும் அடித்துவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தது.

கணவர் தொலைக்காட்சியை நிறுத்தினார்.

"இதை இஞ்ச ஆரும் பழக்கேல்லை. இவ்வளவு வருசமும் மறக்கேல்லைப் பாரும்."

காட்டுக்குத் திருப்பி அனுப்ப ஏலுமா என்று வைத்தியரிடம் கேட்டேன். இனி அதற்குத் தானாக இரை தேடத் தெரியாது என்றவர், லண்டனுக்கு வெளியே கைவிடப்பட்ட சாம்பல் கிளிகளை ஒன்றாக வைத்துப் பராமரிக்கும் ஒரு பெரிய பறவைக் கூடத்தைச் சொன்னார். கணவருக்கு மனம் வரவில்லை. காலை ஷிப்டுக்குப் போகுமுன் அவரோடு கதைக்கிற ஒரே ஆள் அதுதான். இரண்டு கிழமை கழித்து அவரே அந்தக் கூடத்துக்குப் போன் எடுத்தார்.

அங்கே கொண்டுபோய் விட்ட முதல் மாதம் அது மூலையில் ஒதுங்கியே இருந்தது. மூன்றாம் முறை போனபோது வேறொரு கிளி அதன் தலையைக் கோதிக்கொண்டிருந்தது. நெஞ்சில் புது இறகு அரும்பியிருந்தது. கணவர் கம்பிவலையருகே போய்க் கூப்பிட்டுப் பார்த்தார். அது ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடி அந்தக் கிளிக்குத் தலையைக் குனிந்து கொடுத்தது.

"வரேல்லை," என்றார்.

"ஓம்," என்றேன்.

மழை தூறத் தொடங்கும் வரைக்கும் அங்கேயே நின்றோம்.